போயிட்டு வந்தா புதுக் கணக்கு: டூரிஸ்ட் விசாவின் சரித்திரம்

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு. காபி, டீ ஏதாவது எடுத்துக்கிட்டு உட்காருங்க.

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஒரு நாட்டுக்குள்ள டூரிஸ்டா முப்பது நாள் இருக்கலாம்னு பாஸ்போர்ட்ல முத்திரை குத்துறாங்க. முப்பதாவது நாள் எல்லையைத் தாண்டி வெளியே போறீங்க. பக்கத்து நாட்டுல ஒரு டீ குடிச்சிட்டு அன்னிக்கு சாயங்காலமே திரும்பி வர்றீங்க. மறுபடியும் முப்பது நாள் முத்திரை. இதையே வருஷம் பூரா பண்ணினா நீங்க சுற்றுலாப் பயணியா, இல்ல அந்த ஊர்க்காரரா?

முத்திரை குத்துற அதிகாரியைப் பொறுத்தவரை ஒவ்வொரு தடவையும் நீங்க புதுசா வந்த ஆள். நம்ம பாஷையில சொன்னா, கவுண்ட்டர் ரீசெட் ஆயிடுச்சு. போன தடவை எத்தனை நாள் இருந்தீங்கங்கிறது அந்தக் கணக்குல இல்லை. இந்த ஒரு ஓட்டையை வச்சு ஆயிரக்கணக்கான பேர் வருஷக்கணக்கா வாழ்ந்திருக்காங்க. அதை அடைக்கிறதுக்கு ஒவ்வொரு அரசாங்கமும் ஒவ்வொரு விதமான கணக்கு போட்டுப் பார்த்திருக்கு. நம்ம இந்தியாவும் 2009-ல் ஒண்ணு போட்டுச்சு. அது எப்படி வந்தது, யாரைப் பிடிச்சது, யாரை விட்டுதுங்கிறதுதான் இந்தப் பதிவோட மேட்டர். அதுக்கு முன்னாடி கொஞ்சம் வெளிநாட்டுச் சுற்றுலா.

கிஷ் தீவு

வளைகுடாவில் இருந்த நண்பர்களுக்கு இந்தப் பேரைச் சொன்னாலே போதும். பாரசீக வளைகுடாவில் ஈரானுக்குச் சொந்தமான ஒரு குட்டித் தீவு. ஈரான் அதை வரியில்லா வணிகப் பகுதியா வச்சிருக்கு. பெரும்பாலான நாட்டுக்காரங்க அங்கே இறங்க முன்கூட்டியே விசா வாங்கத் தேவையில்லை. துபாயிலிருந்து விமானம் ஏறினால் ஏறின களைப்பு தீர்றதுக்குள்ள இறங்கிடலாம்.

2000-களில் நம்ம ஆளுங்க பலர் விசிட் விசாவில் துபாய், ஷார்ஜா போய் வேலை தேடுவாங்க. வேலை கிடைச்சாலும், விசா முடிஞ்சாலும் நாட்டை விட்டு வெளியே போய்த்தான் புது விசாவில் உள்ளே வரணும். ஊருக்கு வந்து போக டிக்கெட் காசு எங்கே இருக்கு? அதனால கிஷ். ஒரு அறையில் பல பேர் படுத்துக்கிட்டு, புது விசா வந்துடுச்சான்னு காத்துக்கிட்டு இருப்பாங்க. சிலருக்கு அதே நாள் வரும், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். இந்தியர், பாகிஸ்தானியர், பிலிப்பைன்ஸ்காரர்னு கலந்து கட்டி இருப்பாங்க. பொம்பளைங்களா இருந்தா ஈரான் சட்டப்படி தலையில் துணி போட்டுக்கணும். சுற்றுலாத் தீவுதான், ஆனா அங்கே வந்தவங்கள்ல பாதிப்பேருக்குக் கடற்கரையைப் பார்க்கிற மனசு இருந்திருக்காது.

2004 பிப்ரவரி 10-ஆம் தேதி கிஷ்ஷிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்த கிஷ் ஏர் நிறுவனத்தின் ஃபோக்கர் 50 ரக விமானம், தரையிறங்கப் போகும்போது ஷார்ஜா விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 46 பேரில் 43 பேர் இறந்துபோனாங்க. இறந்தவங்கள்ல இந்தியர்களும் உண்டு. விசா மாத்திக்கிட்டு வேலைக்குத் திரும்பிக்கிட்டு இருந்த தொழிலாளிகள் பலர் அந்த விமானத்தில் இருந்தாங்க.

விபத்துக்குக் காரணம் விமானத்தின் புரொப்பெல்லரைக் கட்டுப்படுத்துறதுல நடந்த கோளாறு. விசா விதி விமானத்தைக் கீழே தள்ளலைங்க, அது எனக்கும் தெரியும். ஆனா அந்தத் தொழிலாளிகளுக்கு அன்னிக்கு விமானம் ஏற வேண்டிய அவசியம் எதனால வந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. போன இடத்தில் பார்க்க யாரும் இல்லை, செய்ய வேலையும் இல்லை. பாஸ்போர்ட்டில் வெளியே போனதுக்கு ஒரு முத்திரை, உள்ளே வந்ததுக்கு ஒரு முத்திரை, அவ்வளவுதான் தேவை.

2018-ல் அமீரகம் விசிட் விசாக்காரங்க நாட்டை விட்டு வெளியேறாமலே பணம் கட்டி விசாவை நீட்டிக்க வழி செய்தது. அதாவது கவுண்ட்டரை மேசையிலேயே ரீசெட் பண்ணலாம்னு ஆச்சு. இதை 2004-லேயே செய்ய முடியாதான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்லை.

தாய்லாந்து: ஒரு ரீசெட் பட்டன் யுத்தம்

அடுத்து தாய்லாந்து. விசா ரன்னுக்கு உலகத் தலைநகரம்னு ஒண்ணு இருந்தா இதுதான். விசா இல்லாமலே 30 நாள் முத்திரை கிடைக்கும் நாட்டுக்காரங்க (பெரும்பாலும் வெள்ளைக்காரங்க) பாங்காக்கிலும் பட்டாயாவிலும் வருஷக்கணக்கா உட்கார்ந்திருப்பாங்க. மாசத்துக்கு ஒரு தடவை மினிவேன் ஏறி கம்போடியா எல்லையில் பாய்பெட், இல்லாட்டி பர்மா எல்லையில் தச்சிலெய்க், தெற்கே இருந்தா ரனோங்கிலிருந்து படகில் காவ்தாங். அங்கே முத்திரை, திரும்ப இங்கே முத்திரை, வீட்டுக்குப் போய்த் தூக்கம். இதுக்குன்னே வேன் சர்வீஸ் நடத்தி சாப்பாடும் போட்டுக் கூட்டிட்டுப் போன கம்பெனிகள் உண்டு. முழு விசா வேணும்னா மலேசியாவில் பினாங்கு, லாவோஸில் வியந்தியான். பினாங்கில் தாய் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டு நம்ம லிட்டில் இந்தியாவில் பரோட்டா சாப்பிட்டுக் காத்திருந்த வெள்ளைக்காரங்க எத்தனை பேரோ :-)

தாய்லாந்து அரசு இதை எப்படி எப்படியெல்லாம் அடைக்கப் பார்த்ததுன்னு வரிசையா பாருங்க.

2006 அக்டோபர் 1: 180 நாளில் மொத்தமா 90 நாளுக்கு மேல் விசா இல்லாமல் இருக்கக் கூடாது.

2008 நவம்பர்: அந்தக் கணக்கு போச்சு. பதிலுக்கு, தரை வழியா வந்தா 15 நாள்தான். விமானத்தில் வந்தா 30 நாள்.

2014: அன்னிக்கே போய் அன்னிக்கே திரும்புற ஆளுங்களைத் தடுங்கன்னு இமிகிரேஷன் அதிகாரிகளுக்கு உத்தரவு.

2016 டிசம்பர் 31: தரை வழியா வந்தாலும் 30 நாள் தரோம், ஆனா ஒரு காலண்டர் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான்.

2024 ஜூலை: 93 நாட்டுக்காரங்களுக்கு (இந்தியாவும் சேர்த்து) விசா இல்லாமலே 60 நாள். கூடவே ஒரு புது விசா. மடிக்கணினியை வச்சுக்கிட்டு வேறு நாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவங்களுக்கு 5 வருஷம் செல்லும், ஒரு தடவை வந்தா 180 நாள் இருக்கலாம். கட்டணம் 10,000 பாட், வங்கியில் 5 லட்சம் பாட் காட்டணும்.

இதுல கடைசி வரியைக் கவனிங்க. பதினெட்டு வருஷம் கணக்கை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டு, கடைசியில் "நீங்க டூரிஸ்ட் இல்லைன்னு எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், இந்தாங்க உங்களுக்கான பேர்"னு ஒரு தனிப் பெட்டி செய்து கொடுத்துட்டாங்க. காசு இருக்கிறவனுக்குத்தான் அந்தப் பெட்டிங்கிறது வேற விஷயம்.

ஐரோப்பா: ஜன்னல் நகருதா, நிக்குதா?

மென்பொருள் எழுதுறவங்களுக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். மத்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

ஒரு ஆள் ஒரு சேவையை அளவுக்கு மேல் பயன்படுத்தாம தடுக்கணும்னா என்ன செய்வோம்? ஓ.டி.பி.யை மூணு தடவை தப்பா அடிச்சா இத்தனை மணி நேரம் பூட்டுவோம். இது ஒரு வகை. ரயில் டிக்கெட் தளத்தில் ஒரு மாசத்துக்கு இத்தனை டிக்கெட்தான்னு வைப்போம். இது இன்னொரு வகை. ரெண்டாவது வகையில் ஒரு சிக்கல் உண்டு. மாசம் ஒண்ணாம் தேதி கணக்கு புதுசாகும். அப்போ 31-ஆம் தேதி முழு ஒதுக்கீட்டையும் காலி பண்ணிட்டு, மறுநாளே அடுத்த மாச ஒதுக்கீட்டையும் காலி பண்ணலாம். ரெண்டு நாளில் ரெண்டு மாச டிக்கெட்!

ஷெங்கன் நாடுகளின் பழைய விதி கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. முதல் தடவை நுழைஞ்ச நாளிலிருந்து ஆறு மாசத்தில் மூணு மாசம் இருக்கலாம். சரி, ஆறு மாசம் முடிஞ்சதும்? ஒரு ருமேனியக் குடிமகன் பிரான்ஸ் அதிகாரிகளோட வழக்காடி, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2006 அக்டோபரில் தீர்ப்பு. ஆறு மாசம் முடிஞ்ச பிறகு நுழையுறதும் ஒரு "முதல் நுழைவு"தான்னு சொல்லிட்டாங்க.

இதன் விளைவைப் பாருங்க. ஜனவரி 1 நுழைஞ்சு ரெண்டு நாளில் கிளம்பிடுங்க. ஏப்ரல் தொடக்கத்தில் திரும்பி வந்து ஜூன் கடைசி வரைக்கும் இருங்க. ஜூலை தொடக்கத்தில் ஒரு எட்டு வெளியே போய்ட்டு வாங்க. புது ஆறு மாசம் ஆரம்பம். செப்டம்பர் கடைசி வரைக்கும் இருக்கலாம். ஆக, மூணு மாச அனுமதியில் கிட்டத்தட்ட ஆறு மாசம் தொடர்ச்சியா, சட்டப்படி!

ஐரோப்பியர்கள் இந்த பக்-ஐ சரி பண்ண ஏழு வருஷம் எடுத்துக்கிட்டாங்க. 2013 அக்டோபர் 18 முதல் கணக்கு மாறிடுச்சு. இன்னிக்கு எந்த நாளா இருந்தாலும், அதுக்குப் பின்னாடி 180 நாளைத் திரும்பிப் பாரு, அதுல 90-க்கு மேல் போயிருக்கக் கூடாது. ஜன்னல் தினமும் நகருது. ஒரு நாள் எல்லை தாண்டி டீ குடிச்சா ஒண்ணும் ரீசெட் ஆகாது. 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலா கைரேகை, முகப்படம்னு கணினியிலேயே நுழைவைப் பதியும் முறையைக் கொண்டுவர ஆரம்பிச்சாங்க. இனிமே பாஸ்போர்ட்டைப் புரட்டி விரல் விட்டு எண்ணுற வேலை அதிகாரிக்கு இல்லை.

கணக்கு என்கிற அளவில் இது சுத்தமான விதி. எல்லாருக்கும் ஒண்ணு, முன்கூட்டியே தெரிஞ்சது, நீங்களே எக்ஸெல்லில் போட்டுப் பார்த்துக்கலாம்.

இந்தியா, 2009

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

இந்தியாவில் நீண்ட நாள் தங்கின வெளிநாட்டுக்காரங்க கதை பழசு. 1984 வரைக்கும் பிரிட்டன், கனடா மாதிரி காமன்வெல்த் நாட்டுக்காரங்களுக்கு இந்தியா வர விசாவே தேவைப்படலை. பஞ்சாப் பிரச்சினை கொதிச்ச அந்த வருஷம்தான் விசா வந்தது. (பிரிட்டன் நமக்கு விசா போட்டது 1986-ல். ஆக முதல்ல கதவைச் சாத்தினது நாமதான்!) அதுக்கப்புறம் கோவா அஞ்சுனா கடற்கரை ஆளுங்களும், நம்ம திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் வீடு எடுத்துத் தங்கின ஆளுங்களும் ஆறு மாச டூரிஸ்ட் விசாவை நம்பித்தான் வாழ்ந்தாங்க. விசா முடியிற நேரத்தில் கொழும்புக்கோ காட்மாண்டுவுக்கோ போய், அங்கே இருக்கும் இந்தியத் தூதரகத்தில் புது விசா வாங்கித் திரும்பி வருவாங்க. கார்த்திகை தீபத்துக்கு வந்து, வெயில் ஏற ஏறக் கிளம்பி, அடுத்த கார்த்திகைக்குத் திரும்புற வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிகளைக் கிரிவலப் பாதையில் பார்த்திருப்பீங்க.

2008 நவம்பர் 26. மும்பை. பத்து பேர் கடல் வழியா படகில் வந்து இறங்கி 166 பேரைக் கொன்னாங்க. அந்த நாட்களை நாம யாரும் மறக்கப் போறதில்லை.

2009 அக்டோபர் 3-ஆம் தேதி அமெரிக்காவில் சிகாகோ விமான நிலையத்தில் டேவிட் ஹெட்லி கைதானான். அமெரிக்கத் தாய்க்கும் பாகிஸ்தானியத் தந்தைக்கும் பிறந்தவன். இயற்பெயர் தாவூத் கிலானி. 2006-ல் பிலடெல்ஃபியாவில் சட்டப்படி பேரை மாத்திக்கிட்டு, அமெரிக்கப் பாஸ்போர்ட்டோட மும்பைக்கு வந்து வந்து தாஜ் ஓட்டலையும் மத்த இடங்களையும் வீடியோ எடுத்தவன். படகு எங்கே இறங்கலாம்னு கடலில் போய்ப் பார்த்தவனும் இவன்தான். 2006 செப்டம்பர், 2007 பிப்ரவரி, 2007 செப்டம்பர், 2008 ஏப்ரல், 2008 ஜூலைன்னு ஐந்து நீண்ட பயணங்களை அமெரிக்க நீதிமன்றத்தில் அவனே ஒப்புக்கிட்டான். தாக்குதலுக்கு அப்புறம் 2009 மார்ச்சிலும் வந்து போயிருக்கான்.

இது தெரிஞ்சதும் டெல்லியில் என்ன பதற்றம் இருந்திருக்கும்னு யோசிங்க. ஒருத்தன் இத்தனை தடவை வந்து போயிருக்கான், ஒருத்தருக்கும் சந்தேகம் வரலை. 2009 கடைசியில் புது விதி வந்தது. டூரிஸ்ட் விசாவில் வந்த வெளிநாட்டுக்காரர் இந்தியாவை விட்டுக் கிளம்பினா, அடுத்த ரெண்டு மாசத்துக்குத் திரும்ப வரக் கூடாது. கையில் பத்து வருஷம் செல்லுபடியாகும் மல்டிபிள் என்ட்ரி விசா இருந்தாலும் சரி.

ஓ.டி.பி. பூட்டு மாதிரியே ஒண்ணு. நீ எத்தனை நாள் இருந்தேங்கிற கேள்வியே இல்லை. மூணு நாள் தாஜ்மகால் பார்த்துட்டுப் போனாலும் ரெண்டு மாசப் பூட்டு, ஆறு மாசம் இருந்துட்டுப் போனாலும் ரெண்டு மாசப் பூட்டு.

சரி, இந்த விதி அப்போ இருந்திருந்தா ஹெட்லி மாட்டியிருப்பானா?

முதல் விஷயம்: ஹெட்லி வந்தது டூரிஸ்ட் விசாவிலேயே இல்லை. பிசினஸ் விசா! முதலில் ஒரு வருஷத்துக்கு, அப்புறம் ஐந்து வருஷத்துக்கு. டூரிஸ்ட் விசாவுக்குப் போட்ட பூட்டு அவனைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது.

ரெண்டாவது: அந்தத் தேதிகளை மறுபடி பாருங்க. பயணத்துக்கும் பயணத்துக்கும் நடுவில் 5 மாசம், 7 மாசம், 7 மாசம், 3 மாசம். ரெண்டு மாச இடைவெளி விதின்னு ஒண்ணு இருந்தா டிக்கெட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பான், அவ்வளவுதான். திட்டம் போட்டு ரெண்டு வருஷம் வேலை செய்றவனுக்கு ரெண்டு மாசம் ஒரு பொருட்டா?

மூணாவது, இதுதான் என்னை ரொம்பக் குடைஞ்சது: மும்பையில் அவன் போட்ட வேஷம் என்ன தெரியுமா? சிகாகோவில் தஹாவூர் ராணா நடத்தின இமிகிரேஷன் ஆலோசனைக் கம்பெனியின் மும்பைக் கிளைக்கு ஆள்! அடுத்தவங்களுக்கு விசா வாங்கித் தர்ற ஆபீஸ். விசா விதிகளைப் பத்தி அவனுக்குப் பாடம் எடுக்க ஆள் வேணுமா? (ராணாவை 2025 ஏப்ரலில்தான் இந்தியாவுக்குக் கொண்டுவர முடிஞ்சது. ஹெட்லிக்கு 2013 ஜனவரியில் அமெரிக்காவில் 35 வருஷ தண்டனை.)

படகில் வந்த பத்து பேரைப் பத்திச் சொல்லவே வேணாம். இதை அப்போ வெளியுறவுத் துறை இணை அமைச்சரா இருந்த சசி தரூரே ட்விட்டரில் போட்டார், 26/11 கொலைகாரங்ககிட்ட விசாவே இல்லையேன்னு. அரசாங்கத்தில் இருந்துக்கிட்டே அரசாங்க முடிவை விமர்சிக்கிறாரான்னு ஒரு கும்மி நடந்தது. இதையெல்லாம் நாலு சுவத்துக்குள்ள பேசணும்னு அவரோட அமைச்சர் எஸ்.எம்.கிருஷ்ணா சொன்னார். தரூர் எழுதினதில் தகவல் பிழை எதுவும் இருந்ததா எனக்குத் தெரியலை.

அப்போ யார் மாட்டினாங்க?

டெல்லியில் இறங்கி, நேபாளம் போய் மலை ஏறிட்டு, திரும்ப டெல்லி வழியா ஊருக்குப் போகலாம்னு டிக்கெட் எடுத்த பயணி மாட்டினார். சென்னையில் இறங்கி, நடுவில் ஒரு வாரம் இலங்கையைப் பார்த்துட்டுத் திரும்பி மதுரை பார்க்க நினைச்சவர் மாட்டினார். இந்தியரைக் காதலிச்சு இன்னும் கல்யாணம் பண்ணாத வெளிநாட்டுக்காரர் மாட்டினார். உடம்பு சரியில்லாத சொந்தத்தைப் பார்த்துட்டுப் போய், அடுத்த மாசமே சாவுச் செய்தி வந்தவர் மாட்டினார்.

ஓ.சி.ஐ. அட்டை வச்சிருந்தவங்களுக்கு இந்த விதி கிடையாது. ஆனா மலேசியத் தமிழர்களை நினைச்சுப் பாருங்க. கொள்ளுத்தாத்தாவுக்கும் முன்னாடி ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏறின குடும்பம். எந்த ஊர், எந்தப் பதிவேடு, எந்தச் சான்றிதழ்னு போய்த் தேடுறது? அட்டை வாங்க முடியாதவர் குலதெய்வத்தைப் பார்க்க வந்தாலும் டூரிஸ்ட்தான்.

சத்தம் அதிகமானதும் விதிவிலக்குகள் வந்தன. பக்கத்து நாட்டைச் சுத்திட்டுத் திரும்புறவர் பயணத் திட்டத்தைக் காட்டினால் அனுமதி. அவசரக் காரணம் இருந்தால் தூதரகம் தனி அனுமதி தரலாம், ஆனா வந்ததும் 14 நாளுக்குள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் போய்ப் பதியணும். ஒவ்வொரு விதிவிலக்கும் அதிகாரியோட மனசைப் பொறுத்தது. ஒரு தூதரகத்தில் கிடைச்சது இன்னொரு தூதரகத்தில் கிடைக்கலை.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். இந்த விதியால் சுற்றுலாவே படுத்துடும்னு சொன்னாங்க. புள்ளிவிவரம் அப்படிச் சொல்லலை. இந்தியா வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2008-ல் 52.8 லட்சம், 2009-ல் 51.7 லட்சம், விதி அமலில் இருந்த 2010-ல் 57.8 லட்சம், 2012-ல் 65.8 லட்சம். ஏறிக்கிட்டேதான் போயிருக்கு. ஏன்னா பெரும்பாலான டூரிஸ்ட் ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துட்டுப் போறவர். ரெண்டு மாசத்துக்குள்ள திரும்பி வர்றவர் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேருக்குத்தான் இந்தியாவோட ஏதோ ஒட்டு உறவு இருந்திருக்கு. மொத்த எண்ணிக்கையில் அவங்க கஷ்டம் தெரியாது. சராசரியை மட்டும் பார்த்தா இப்படித்தான் ஆகும்.

அரசாங்கத் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டுங்க. 2009-ல் பல திட்டங்களில் சீனத் தொழிலாளர்கள் பிசினஸ் விசாவில் வந்து வேலை பார்க்கிறது பெரிய பிரச்சினையாகி, எம்ப்ளாய்மெண்ட் விசா வாங்கிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பினாங்க. விசாவில் எழுதியிருக்கிறது ஒண்ணு, நடக்கிறது ஒண்ணுங்கிறது உண்மைதான். நம்ம ஊர்லயே "குருவி"ன்னு ஒரு பிழைப்பு இருக்கே. டூரிஸ்டா சிங்கப்பூர் போய், அடுத்தவன் சரக்கைப் பெட்டியில் சுமந்து, சென்னையில் இறக்கிட்டு மறுபடி பறக்கிறது. விஜய் படமே வந்துச்சு. ஆக, அடிக்கடி வந்து போறவரைப் பார்த்து "என்ன விஷயம்?"னு கேட்கிற உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. கேட்காமலேயே எல்லாருக்கும் பூட்டு போட்டதுதான் இங்கே பிரச்சினை.

உண்மையான ஓட்டை வேற இடத்தில் இருந்தது. விசா கொடுத்த தூதரகம், விமான நிலைய இமிகிரேஷன் கவுண்ட்டர், ஊருக்குள்ள இருக்கும் பதிவு அலுவலகம், இந்த மூணும் ஒரே தகவலை ஒண்ணா பார்க்கிற வசதி சரியா இல்லை. அதுக்கான கணினித் திட்டத்துக்கு 2010 மே மாசம் மத்திய அரசு 1,011 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. மெதுவா நடக்கிற, யாருக்கும் தலைப்புச் செய்தியா தெரியாத வேலை. ஆனா அதுதான் வேலை.

2012 டிசம்பரில் ரெண்டு மாச விதியை எடுத்துட்டாங்க. எல்லாருக்கும் இல்லை. ஆப்கானிஸ்தான், சீனா, ஈரான், பாகிஸ்தான், ஈராக், சூடான், பங்களாதேஷ் குடிமக்களுக்கும், பாகிஸ்தான், பங்களாதேஷ் வம்சாவளியினருக்கும், நாடற்றவர்களுக்கும் தொடரும்னு சொன்னாங்க. அந்தக் கடைசி வார்த்தையைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எந்த நாடும் தன் ஆள்னு சொல்லாத மனுஷனுக்கு, போன இடத்துக்குத் திரும்பவும் ரெண்டு மாசம் காத்திருப்பு.

இன்னிக்கு இ-டூரிஸ்ட் விசாவில் ஒரு காலண்டர் வருஷத்தில் மொத்தம் 180 நாள்னு கணக்கு. அதே மாச டிக்கெட் கணக்கு மாதிரிதான், ஜனவரி 1-ல் புதுசாகும். அக்டோபரில் வந்து மார்ச்சில் போற திருவண்ணாமலைத் தாத்தாவுக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி. யாரோ புண்ணியவான் யோசிச்சுதான் வச்சாரோ என்னவோ :-)

நம்ம வீட்டு டூரிஸ்ட்

இதெல்லாம் வெள்ளைக்காரன் பிரச்சினைன்னு நினைச்சா, நம்ம அம்மா அப்பாக்களைப் பாருங்க. பொண்ணுக்கோ மருமகளுக்கோ பிரசவம்னா அமெரிக்கா போறாங்க. பத்து வருஷ விசா. ஒரு தடவை போனா அதிகபட்சம் ஆறு மாசம். திரும்பி வந்து வீட்டைத் திறந்து, தூசி தட்டி, சொந்தக்காரங்க கல்யாணம் நாலுக்குப் போயிட்டு, ரெண்டாவது பேரனுக்கு மறுபடி ஆறு மாசம். இப்படிப் பல வருஷம் போய் வந்த பெரியவங்க நம்ம தெருவுக்கு ரெண்டு பேராவது இருப்பாங்க.

அமெரிக்காவில் இதுக்கு 90/180 மாதிரி எழுதி வச்ச கணக்கே கிடையாது. கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி முடிவு பண்ணணும். "அங்கே எத்தனை மாசம் இருந்தியோ, அத்தனை மாசம் இங்கே இருந்துட்டுப் போ"ங்கிறது நம்ம ஆளுங்களுக்குள்ள வாய்மொழியா ஓடுற சூத்திரம், சட்டம் இல்லை. அதனால மாமி விமானத்தில் ஏறும்போதே பையன் போனில் ஒத்திகை நடத்துவான்: "குழந்தையைப் பார்த்துக்க வந்தேன்னு சொல்லாதீங்கம்மா, பேரனைப் பார்க்க வந்தேன்னு சொல்லுங்க." ரெண்டுக்கும் நடுவில் ஒரு சொல்தான் வித்தியாசம். ஒண்ணு வேலை மாதிரி கேட்கும், ஒண்ணு பாசம் மாதிரி கேட்கும். இடுப்பில் குழந்தையை வச்சிருக்கிற பாட்டிக்கு அந்த வித்தியாசம் எப்படிப் புரியும்?

இவ்வளவும் படிச்சு எனக்குத் தோணினது இதுதான். ஒருத்தர் எதுக்கு வர்றார்ங்கிறதை எந்த அரசாங்கத்தாலும் அளக்க முடியாது. நாளை எண்ண முடியும். அதனால் மனசுக்குப் பதிலா நாளை எண்ணுறாங்க. எண்ணட்டும், ஆனா ஐரோப்பா மாதிரி எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியுற கணக்கா இருந்தா மனுஷன் அதுக்குள்ள வாழ்க்கையை அமைச்சுக்குவான். திடீர்னு ஒரு நாள் பூட்டு போட்டு, அப்புறம் விதிவிலக்குக்கு மனு கொடுன்னு சொன்னா, ஒழுங்கா உண்மையைச் சொல்றவன்தான் வரிசையில் நிப்பான். பொய் சொல்றவன்கிட்ட எப்பவும் வேற விசா ஒண்ணு இருக்கும்.

கிஷ்ஷில் காத்துக் கிடந்த நண்பர்கள், 2010 வாக்கில் இந்த ரெண்டு மாச விதியில் சிக்கின வெளிநாட்டு உறவினர் இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க அனுபவத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்க. கிஷ்ஷைப் பத்தித் தமிழில் யாரும் விரிவா எழுதி நான் படிச்சதில்லை. எழுதக்கூடியவங்க நீங்கதான்.